சின்னதாகிப்போன பிள்ளைகளின் குளிராடை: சிங்கப்பூரில் யாரிடம் கொடுப்பது?

பிள்ளைகளின் பழைய டி-ஷர்ட், அரைக்கால் சட்டை என்றால் சிங்கப்பூரில் கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டவர் மறுநாளே பிள்ளைக்குப் போட்டுவிடலாம். குளிராடைக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தீவில் வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே கிடையாது. டிசம்பர் விடுமுறையில் ஹொக்கைடோவுக்கோ சோலுக்கோ போன பிள்ளை ஒரு வாரம் போட்ட கோட்டு, அடுத்த பயணம் வருவதற்குள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. துணி என்னவோ புதிதாகவே இருக்கிறது. தூக்கிப்போட மனம் வராது. 'யாராவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்' என்றால், இங்கே வசதியில்லாத பிள்ளைக்கு வேண்டியது பனிக் கோட்டு இல்லை.

அதனால் 'எது நல்ல அமைப்பு' என்று தேடுவதற்கு முன்னால், 'இதை இனி யார் போடப் போகிறார்கள்' என்று கேட்டுக்கொள்வது நல்லது. விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். இங்கிருந்து குளிர் நாட்டுக்குப் பயணம் போகிற இன்னொரு பிள்ளை, அல்லது உண்மையிலேயே குளிரடிக்கிற ஊரில் வாழ்கிற பிள்ளை. இரண்டு பேருக்கும் பயன்படாதது துணிக் கழிவு. ஒரே வீட்டிலிருந்து வரும் ஒரே மூட்டையில் இந்த மூன்றும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி ஒரே இடத்தில் இறக்கிவிட்டு வந்தால், பாதி வீணாகப் போக வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால் முதல் இடம், வரும் டிசம்பரில் பயணம் போகவிருக்கிற தெரிந்த குடும்பத்துக்குத்தான். கோட்டு, பனிக்கால் சட்டை, பூட்ஸ், கையுறை, குல்லா, உள்ளே போடும் தெர்மல் என்று ஒரு பிள்ளைக்கு முழு செட் வாங்கினால் எளிதில் நூறு வெள்ளியைத் தாண்டிவிடும். இரண்டு பிள்ளைகள் என்றால் அப்படியே இரட்டிப்பு. அத்தனையும் ஒரு வாரத்துக்கு. உங்கள் வீட்டு செட் அந்த வீட்டுக்குப் போனால் புதிதாக ஒரு செட் வாங்குவது அங்கேயே நின்றுவிடுகிறது. இதைவிட நேரான பயன் வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. போட்ட துணியைக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவோம். பிறந்த குழந்தைக்கு முதலில் பெரிய பிள்ளையின் பழைய சட்டையைப் போட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கோட்டைக் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்? புளோக் வாட்ஸ்அப் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் குழுவிலோ படத்துடன் போட்டுவிடுங்கள். 'தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு சேராவிட்டால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் வாங்குபவருக்கும் சங்கடம் இருக்காது. அப்புறம் பாருங்கள், "அக்கா, 120 சைஸ்ல கையுறையும் இருக்கா? நாங்க டிசம்பர்ல சோல் போறோம்" என்று அவர்களே கேட்பார்கள்.

அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஜப்பானிய, கொரிய உடைகளில் 110, 120, 130 என்று பிள்ளையின் உயரத்தை வைத்துத்தான் அளவு இருக்கும். '6 வயது' என்று போட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. லேபிளைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போட்டால் பாதிக் கேள்வி குறையும்.

தெரிந்த வட்டத்தில் ஆள் கிடைக்காவிட்டால், பழைய பொருளைக் கைமாற்ற உதவும் கரோசல், ஓலியோ செயலிகள் இருக்கின்றன. இலவசம் என்று போடுவதைவிடச் சின்னதாக ஒரு விலை வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஐந்து வெள்ளி என்றாலும் கொடுக்கச் சம்மதித்தவர் வந்து வாங்கிப் போவார். வந்த பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாம். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. துணியாகக் கொடுக்கும் நன்கொடைக்குச் சிங்கப்பூரில் வரிக்கழிவு கிடையாது. பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால், கொடுத்த தொகையைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 250 விழுக்காடு, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1991ல் தொடங்கிய சிண்டா அமைப்பு 'புராஜெக்ட் கிவ்' என்ற பெயரில் நடத்தும் நிதித்திரட்டு நம் இந்தியச் சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பங்களுக்கும் போகிறது. பனிக் கோட்டு தேவைப்படாத பிள்ளைக்கு அந்தக் கோட்டு துணைப்பாட வகுப்பாகப் போய்ச் சேருவது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. நேரம் இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். படம் எடுத்து, பதில் சொல்லி, எம்ஆர்டி வாசலில் காத்திருந்து கொடுக்க எல்லோராலும் முடியாது.

முடியாதவர்களுக்கு அறநிறுவனங்கள் நடத்தும் திரிஃப்ட் கடைகள், அதாவது நன்கொடையாக வந்த பழைய பொருளை விற்கும் கடைகள், இருக்கின்றன. கோட்டு அங்கே விற்கப்படும், வாங்குபவர் பெரும்பாலும் பயணம் போகும் இன்னொரு குடும்பம், விற்ற பணம் தொண்டுக்குப் போகும். மூன்று கடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெரியது இரட்சணிய சேனையின் கடைகள். 1935லிருந்து சிங்கப்பூரில் இயங்கும் அமைப்பு. அப்பர் புக்கிட் தீமா சாலையில் பிரைஸ்ஹேவன் வளாகத்தில் இருக்கும் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தளபாடத்திலிருந்து தேநீர்க் கோப்பைவரை அங்கே இல்லாதது குறைவு. வருமானம் கிரேஸ்ஹேவன் சிறுவர் இல்லம், பீஸ்ஹேவன் தாதிமை இல்லம் போன்றவற்றை நடத்தும் அந்த அமைப்பின் பணிகளுக்குப் போகிறது. நிறைய உடை இருந்தால், காரில் ஏற்றிப் போகிற அளவுக்கு இருந்தால், இதுதான் வசதி. வாங்க வருகிற கூட்டமும் இங்கே அதிகம், அதனால் 130 சைஸ் பனிக்கால் சட்டை மாதிரி எல்லோருக்கும் தேவைப்படாத பொருளுக்கும் ஆள் கிடைக்கும்.

வாட்டர்லூ ஸ்திரீட் 96ஆம் எண்ணில் இருக்கும் நியூ2யூ சின்னக் கடை. பெண்கள் அமைப்புகளின் கூட்டு மன்றமான எஸ்சிடபிள்யூஓ நடத்துவது, தொண்டூழியர்கள் நிற்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே மன்றம் நடத்தும் ஸ்டார் ஷெல்டர் இல்லத்துக்கு இந்த வருமானம் உதவுகிறது. பணம் எங்கே போகிறது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கடை எனக்கு மனநிறைவு தருகிறது. இடம் சிறியது என்பதால் ஒரு பெட்டி நிறையத் தடித்த கோட்டுகளைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது. நல்ல நிலையில் இரண்டு மூன்று உருப்படி, தேய்த்து மடித்து, கையில் எடுத்துப் போகலாம். புகிஸ் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம்.

மைண்ட்ஸ் அமைப்பின் கடைகள் மூன்றாவது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான இந்த அமைப்பில் பயிற்சி பெறுபவர்களே கடை வேலைகளில் பங்கெடுக்கிறார்கள். நீங்கள் கொடுத்த துணியைப் பிரித்து, மடித்து, அடுக்குவது ஒருவருக்குத் தொழிற்பயிற்சியாகவும் ஆகிறது. அதனாலேயே நன்றாகத் துவைத்த, உடனே மாட்டக்கூடிய உடையை மட்டும் கொடுப்பது மரியாதை.

மூன்றில் எது என்பதைவிட எப்போது என்பது முக்கியம். டிசம்பர் பயணத்திலிருந்து திரும்பி, ஜனவரியில் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஊரே வீட்டைச் சுத்தம் செய்கிறது. அந்த வாரங்களில் திரிஃப்ட் கடைகளில் மூட்டைகள் மலைபோல் குவிகின்றன. கடை மூடிய பிறகு வாசலில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மழையில் நனைந்தால் நல்ல துணியும் குப்பைதான், அதை அகற்றும் செலவு அந்த அறநிறுவனத்தின் தலையில் விழுகிறது. குளிராடைக்கு அது இன்னும் மோசமான நேரம். பயணம் முடிந்து வந்த மாதத்தில் யார் கோட்டு வாங்குவார்? கடைக்காரருக்கு இடம் அடைக்கும் தடித்த துணி, அடுத்து விற்கப் பத்து மாதம் ஆகும். அதே கோட்டை வீட்டில் வைத்திருந்து செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது, வாங்குகிறவர்கள் அதற்கு முன்னால் தேடி வருவார்கள். தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது இந்த மூட்டையையும் கையோடு எடுத்துவிட்டால் நாள் சரியாக அமையும். போவதற்கு முன் அன்றைக்கு நன்கொடை வாங்குகிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, உண்மையிலேயே குளிரில் இருக்கும் பிள்ளைகள்? நம் வீடுகளுக்கு இதில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்குப் போகிறோம். போகும்போது பெட்டியில் நாலைந்து கிலோ இடம் ஒதுக்கினால் போதும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. ஊட்டியில் விடியற்காலைகளில் புல்தரையெல்லாம் வெள்ளையாகி, வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி வருவது ஒவ்வொரு ஆண்டும் செய்தியில் வருகிற விஷயம். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அந்தக் குளிரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவரிடம் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று முதலில் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.

ஆனால் அங்கே எதைக் கொண்டுபோவது என்று யோசிக்க வேண்டும். பனிச்சறுக்குக்குப் போடும் முழு செட் அங்கே உதவாது. மதியம் வெயில் நன்றாகவே அடிக்கும், ஊதிப்போன கோட்டைப் பிள்ளை எங்கே கழற்றி வைக்கும்? ஸ்வெட்டர், ஃப்ளீஸ் சட்டை, தெர்மல், காது மூடும் குல்லா, கம்பளிக் காலுறை இவைதான் தினமும் உடம்பில் இருக்கும். சீருடைக்கு மேலே போட்டாலும் உறுத்தாத அடர்நீலம், கறுப்பு, சாம்பல் நிறங்கள் நல்லது. தடித்த இறகுக் கோட்டு வட இந்தியக் குளிருக்குத்தான் லாயக்கு.

அதற்கு கூஞ்ச் என்ற அமைப்பைச் சொல்லலாம். அன்ஷு குப்தா 1999ல் டெல்லியில் தொடங்கியது. அவருக்கு 2015ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. குளிர்காலத்தில் துணியில்லாமல் தெருவில் படுப்பவர்களின் நிலையிலிருந்துதான் அந்த அமைப்பின் வேலையே தொடங்கியது. நகரங்களில் துணி சேகரித்து, பிரித்து, கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். குளம் வெட்டுவது, பாதை போடுவது போன்ற ஊர்ப் பொதுவேலையைச் செய்த மக்களுக்கு அதற்கு ஈடாகத் துணியைத் தருகிறார்கள். வாங்குகிறவர் கையேந்தி வாங்கவில்லை, உழைத்துப் பெறுகிறார் என்ற அந்த அணுகுமுறைக்காகவே எனக்கு இந்த அமைப்பின்மேல் மதிப்பு. சென்னையிலும் இவர்கள் இயங்குகிறார்கள், அதனால் சென்னை வழியாக ஊர் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டியதில்லை.

பார்சலில் அனுப்புவது வேறு கதை. அனுப்பும் செலவு பெரும்பாலும் உடையின் மதிப்பைத் தாண்டிவிடும். பழைய துணி இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு, பெரிய மூட்டையாக அனுப்பினால் சுங்கத்தில் சிக்கலாம். உறவினர் பிள்ளைகளுக்குப் பழைய உடை கொண்டுபோவதுபோல் சொந்தப் பெட்டியில் சில உருப்படிகளை எடுத்துப் போவதோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. அந்தச் செலவை மிச்சம் பிடித்து அதே ஊரில் ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தால் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். மியன்மாரின் ஷான், சின் மலைப்பகுதிகளிலிருந்தோ டார்ஜிலிங் பக்கமிருந்தோ வந்தவராக இருந்தால் அவர் ஊரில் டிசம்பர் குளிர் நன்றாகவே இருக்கும், அவருக்கே பிள்ளைகளோ தங்கை தம்பி பிள்ளைகளோ இருப்பார்கள். பெட்டி போடுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை. மியன்மார்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் பெனின்சுலா பிளாசாவில் எது ஊருக்குப் போய்ச் சேரும், எது சேராது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். மொத்தமாகக் கையில் திணிக்காமல், விரித்துவைத்து, வேண்டியதை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முதலாளி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

பேரிடர் நேரத்தில் வரும் வேண்டுகோள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது சிங்கப்பூரில் குளிர்கால உடைகளைச் சேகரித்தார்கள். அப்படி ஓர் அமைப்பு வெளிப்படையாகக் கேட்டு, என்ன உடை, என்ன அளவு என்று பட்டியலும் போட்டால் கொடுங்கள். கேட்காமல் அனுப்பும் துணி அங்கே நிவாரண வேலையைத் தாமதப்படுத்தும். எப்போதாவது வரும் என்று வருடக்கணக்கில் கோட்டுகளைச் சேர்த்துவைப்பதிலும் அர்த்தம் இல்லை.

மிச்சம் இருப்பது துணிக்கடைப் பெட்டிகளும் மறுபயனீட்டுத் தொட்டிகளும். யூனிக்லோ கடைகளில் அவர்களது சொந்த உடையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், அணியக்கூடியவை அகதிகள் போன்றோருக்கு அனுப்பப்படுகின்றன. குளிர்நாட்டு முகாம்களுக்குப் பிள்ளைகளின் குளிராடை போய்ச் சேர இது ஒரு வழி. நம்மில் பல வீடுகளில் தெர்மலும் இறகுக் கோட்டும் அங்கே வாங்கியதுதான், ஆகவே லேபிளைப் பார்த்து இவற்றை முதலில் பிரித்துவிடுங்கள். எச்அண்ட்எம் எந்தக் கம்பெனித் துணியையும் வாங்கி, பதிலுக்குத் தள்ளுபடிச் சீட்டு தருகிறது. அந்தச் சீட்டால் இன்னொரு துணி வாங்கத் தோன்றும், அது எனக்கு உவப்பாக இல்லை. கிளூப், கிரீன்ஸ்குவேர் போன்ற நிறுவனங்கள் துணிகளைச் சேகரித்துத் தரம் பிரிக்க அனுப்புகின்றன. நல்லவை வெளிநாட்டுப் பழைய துணிச் சந்தைக்குப் போகும்.

இங்கே நம்பிக்கையோடு கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். மறுபயனீட்டுக்கு என்று சிங்கப்பூரில் சேகரிக்கப்பட்ட விளையாட்டுக் காலணிகளுக்குள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் கண்காணிப்புக் கருவிகளை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். பல ஜோடிகள் இந்தோனேசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது 2023 பிப்ரவரியில் வெளியானது. பழைய துணி, காலணி இறக்குமதியைத் தடை செய்திருக்கும் நாடு அது. தொட்டியில் போட்டதும் நம் பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைக்க முடியாது. தொட்டி வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி 2021ல் இங்கே சேர்ந்த துணி, தோல் கழிவு 189,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 4 விழுக்காடு. அடுத்த ஆண்டு கழிவு 254,000 டன்னாக ஏறியது, மறுபயனீடு 2 விழுக்காடாக இறங்கியது. மீதி எரியுலைக்கும், சாம்பலாகக் குப்பை நிரப்பும் செமக்காவ் தீவுக்கும் போகிறது. கிழிந்தது, கறை படிந்தது, ஸிப் போனது, ஒற்றைக் கையுறை இவற்றுக்குத் தொட்டிதான் சரியான இடம். போடத்தக்க ஒரு கோட்டுக்கு அது கடைசி வழி.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நம் ஊர் ஈரப்பதம் என்ன செய்துவைத்திருக்கிறது என்பது. அலமாரியின் அடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த கோட்டைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கும். கழுத்துப்பட்டி, கைமடிப்பு, குல்லாவின் ஓரத்து ரோமம் ஆகிய இடங்களில் சாம்பல் புள்ளிகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இறகுக் கோட்டைத் துவைத்தால் உள்ளே இறகு கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். டிரையரில் மிதமான சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட்டால் உதிர்ந்து பழையபடி உப்பும். கையால் அழுத்திப் பார்க்கும்போது எங்காவது சில்லென்று ஈரம் தட்டினால் இன்னொரு சுற்று. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், அதுதான் பூஞ்சைக்கு வேண்டியது. பைகளைத் துழாவிப் பாருங்கள், சூடேற்றும் பொட்டலமும் ரயில் சீட்டும் அங்கேதான் இருக்கும்.

பனி பூட்ஸை நான் எப்போதும் தனியாகச் சோதிக்கச் சொல்வேன். அடிப்பாகம் பாலியுரேத்தேன் என்றால் ஈரக் காற்றில் தானாகவே சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், பார்க்கப் புதிதாகவும் இருக்கும். கட்டைவிரலால் குதிகாலை நன்றாக அழுத்துங்கள், பூட்ஸை இரண்டாக வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் பனித் தெருவில் நடக்கும்போது பிள்ளையின் காலில் அடிப்பாகம் கழன்று வந்தால், அந்தப் பெற்றோர் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? தாங்குகிற பூட்ஸ் என்றால் ஜோடியை லேஸால் சேர்த்துக் கட்டி, உள்ளே காகிதம் திணித்து, அடியில் டேப் ஒட்டி அளவை எழுதி, கோட்டு, கையுறை, குல்லாவோடு ஒரே பையில் போட்டுவிடுங்கள்.